ஒப்பந்தக்காரர் ஜோன்சனும் அவரது கறுப்பு நாயும்

இரண்டு மாதங்களுக்கு முன்னர், கொழும்பில் இன்னும் சரியாக விடியாத ஒரு வேளையில் தொலைபேசி மணி ஒலித்தது. அந்த நேரத்தில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் மரணச் செய்திகளாகவே இருக்கும் என்பது எங்கள் தலைமுறையின் அனுபவம். பதற்றத்துடன்தான் எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் 1990களில் எங்கள் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் ஒப்புநோக்காளராகப் பணியாற்றிய இளைஞர். இளைஞர் என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறேன். அவருக்கும் இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. டொரொன்டோவில் வீடுகளுக்கு வர்ணம் பூசும் வேலையை ஒப்பந்த அடிப்படையில் எடுத்துச் செய்து வருகிறார்.

"அண்ணை, நித்திரையைக் குழப்பிப் போட்டனோ?" என்று தொடங்கியவர், ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசி முடித்த பின்னர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்பு சொன்னார்:

"விடிஞ்சால் எழும்ப மனம் வருகுதில்லை அண்ணை. எழும்பாட்டியும் ஏனெண்டு கேக்க ஆளில்லை. நான்தானே முதலாளி, நான்தானே தொழிலாளி."

அந்தக் கடைசி வசனம் என்னைச் சுட்டது. ஏனெனில், அது என்னுடைய வசனமுமாகும்.

மூன்று தசாப்தகாலம் மாதச் சம்பளத்துக்கு எழுதிப் பழகிய நான், ஓய்வுபெற்ற பின்னர் சில ஆண்டுகள் தனியாக ஒப்பந்த வேலைகள் செய்தேன். அரசசார்பற்ற நிறுவனங்களின் அறிக்கைகளை மொழிபெயர்ப்பது, விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பது, பிறருடைய நூல்களைச் செம்மைப்படுத்துவது, இப்படி. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. மூன்று மாதம் கழித்துக் காசோலை வரும், சிலவேளை வராது. அந்தக் காலத்தில்தான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. மதியம் வரையில் படுக்கையை விட்டு எழமாட்டேன். தொலைபேசி ஒலித்தால் எடுக்கமாட்டேன். எடுத்தாலும், தொடங்கவே செய்யாத ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி "நேற்றே மின்னஞ்சலில் அனுப்பினேனே, கிடைக்கவில்லையா?" என்று பொய் சொல்லுவேன். வீட்டுக்கு வருபவர்களிடம் என் மனைவி "அவருக்குக் காய்ச்சல்" என்பார். எட்டு மாதமாக ஒரே காய்ச்சல்!

அன்று அந்த நண்பரிடம் நான் என் கதையைச் சொல்லவில்லை. சொல்லும் துணிவு வரவில்லை என்பதே உண்மை. அதற்குப் பதிலாக இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் எழுத்துத் தொழிலாளியின் கதையைச் சொன்னேன். தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

சாமுவேல் ஜோன்சன் என்றால் ஆங்கிலம் கற்ற நம்மவர்களுக்கு அகராதி நினைவுக்கு வரும். பருத்த உடல், பொய்முடி, எவரையும் வாயடைக்கச் செய்யும் பேச்சு. அவருடைய நண்பர் ஜேம்ஸ் பொஸ்வெல் 1791இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் உலகம் கண்டு மகிழ்ந்த உருவம் அதுதான். ஆனால், அதே நூலை ஒரு பத்திரிகைக்காரன் வாசிக்கும்போது வேறொரு மனிதர் தெரிகிறார். வாழ்நாளின் பெரும்பகுதியில் நிரந்தர உத்தியோகம் எதுவும் இல்லாமல், புத்தக வணிகர்களிடம் வேலையைப் பொறுப்பேற்று, முன்பணம் வாங்கி, தவணை தவறி, மனத்தினுள்ளே ஒரு பெரும் இருளைச் சுமந்துகொண்டு அந்த வேலைகளை முடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அவர்.

1709இல் லிச்பீல்ட் என்ற சிற்றூரில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் பீடித்த கண்டமாலை நோய் முகத்தில் தழும்புகளையும் கண்ணில் பார்வைக் குறைவையும் விட்டுச் சென்றது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1728இல் சேர்ந்தவர், பணமின்மையால் பதின்மூன்று மாதங்களிலேயே பட்டம் பெறாமல் வீடு திரும்ப நேர்ந்தது. அந்த 1729ஆம் ஆண்டில், அவரது இருபதாவது வயதில், நோயின் முதற் பெருந்தாக்குதல் நிகழ்ந்தது. ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் மணி எத்தனை என்று உணர முடியாத அளவுக்குச் சோர்ந்து போனதாகப் பிற்காலத்தில் நண்பர் ஒருவரிடம் கூறியிருக்கிறார். அதை விரட்டுவதற்காக லிச்பீல்டிலிருந்து பேர்மிங்ஹாமுக்கு நடந்துபோய்த் திரும்பி நடந்துவருவாராம். முப்பது மைலுக்கு மேற்பட்ட தூரம்!

இங்கே ஒரு சம்பவம். என் பார்வையில் ஜோன்சனின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ளும் திறவுகோல் இதில்தான் இருக்கிறது. தம்முடைய நிலையைத் தாமே ஆராய்ந்து, இலத்தீன் மொழியில் விரிவாக எழுதி, தம் ஞானத்தந்தையான மருத்துவர் ஸ்வின்ஃபென் என்பவரிடம் கொடுத்தார் அந்த இளைஞர். மருத்துவர் அதைப் படித்தார். நோயைவிட அந்த எழுத்தின் நேர்த்தியே அவரை அதிகம் கவர்ந்தது போலும். பெருமையோடு பிறருக்கும் எடுத்துக் காட்டிவிட்டார்! செய்தி ஜோன்சனுக்கு எட்டியது. அந்த உறவு அதன்பின் பழையபடி ஒட்டவேயில்லை.

இந்தப் பகுதியை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் மருந்துச் சிட்டையை எடுத்துக்கொண்டு நான் எங்கே போனேன் தெரியுமா? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே மூன்று மருந்துக்கடைகள் இருந்தன. மூன்றிலும் தெரிந்த முகங்கள். ஆகவே, பேரூந்து ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், யாருமே அறியாத ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்தேன். "இன்னாருக்கு மூளைப் பிசகாம்" என்ற ஒரு சொல் வெள்ளவத்தையில் புறப்பட்டால் அன்று மாலைக்குள் யாழ்ப்பாணத்தை அடையும். மறுநாள் லண்டனையும் சிட்னியையும் அடையும். பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரையில் அது பின்தொடரும். இருபது வயது ஜோன்சனின் காயம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

தந்தையார் 1731இல் காலமானார். 1735இல் தம்மைவிட இருபது வயது மூத்த விதவையான எலிசபெத் போர்ட்டரை மணந்து, அவருடைய பணத்தில் ஒரு பாடசாலை தொடங்கினார். மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாடசாலை மூடப்பட்டது. 1737இல் தம் மாணவன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டார். அந்த மாணவன்தான் பின்னாளில் ஆங்கில நாடக மேடையை ஆண்ட டேவிட் காரிக்.

லண்டனில் அவருக்குக் கிடைத்தது நம்முடைய தொழில்தான். 'ஜென்டில்மன்ஸ் மகசின்' என்ற சஞ்சிகையை நடத்திவந்த எட்வேர்ட் கேவ் அவருக்கு வேலை கொடுத்தார். பாராளுமன்ற விவாதங்களை வெளியிடுவது அக்காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே, 'லில்லிபுட்' என்னும் கற்பனைத் தேசத்தின் சபையில் நடந்தவை என்று வேடமிட்டு அவற்றை வெளியிட்டார்கள். 1740களின் தொடக்கத்தில் அந்த உரைகளை எழுதியவர் ஜோன்சன். சபைக்குப் போய்க் கேட்டு எழுதவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த குறிப்புகளை வைத்து அறையில் இருந்தபடியே எழுதினார். தணிக்கைக் காலத்தில் பத்திரிகை நடத்திய நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல, ஆனால் உரை முழுவதையும் தாமே படைத்துவிடும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை!

1744இல் அவர் எழுதிய கவிஞர் ரிச்சர்ட் சவேஜின் வாழ்க்கை வரலாற்றை ஒரு விருந்தாளி கேவின் வீட்டு உணவுமேசையில் வெகுவாகப் புகழ்ந்தார். சில நாட்களின் பின்னர் கேவ் அவரிடம், உங்கள் புகழுரையால் அன்று ஒரு மனிதர் மிகவும் மகிழ்ந்து போனார் என்றாராம். திரைக்குப் பின்னால் அனுப்பப்பட்ட ஒரு தட்டு உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஜோன்சன். உடுத்தியிருந்த ஆடை அத்தனை கிழிசல். சபைக்கு வர அவர் விரும்பவில்லை.

இனி அகராதி. 1746 ஜூன் 18ஆம் திகதி லண்டனின் முன்னணிப் புத்தக வணிகர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து ஜோன்சனுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆங்கில மொழிக்கு ஒரு பேரகராதி வேண்டும். கூலி 1,500 கினி, அதாவது 1,575 பவுண். தவணை தவணையாகத் தரப்படும். உதவியாளர்களின் சம்பளம், தாள், மை எல்லாம் ஒப்பந்தக்காரரின் செலவு. மூன்று ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 36. பழைய ஒக்ஸ்போர்ட் நண்பரான டாக்டர் அடம்ஸ் வந்து, பிரெஞ்சு அக்கடமியின் நாற்பது அறிஞர்களுக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டதே, நீர் தனியாளாக மூன்று ஆண்டில் எப்படிச் செய்வீர் என்று கேட்டார். நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு, ஓர் ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் உள்ள விகிதம் மூன்றுக்கு ஆயிரத்து அறுநூறு என்று நகைச்சுவையாகப் பதில் சொன்னார் ஜோன்சன்.

வேலையை ஏற்கும் நாளில் நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம்.

கொஃப் சதுக்கம் என்னும் இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அந்த வீடு இன்றும் இருக்கிறது, நூதனசாலையாக. அதன் மேல்மாடத்தில் ஆறு உதவியாளர்கள் பணிபுரிந்தார்கள். அவர்களில் ஐவர் ஸ்கொட்லாந்துக்காரர். ஸ்கொட்லாந்துக்காரரைக் கேலிசெய்வதில் பெயர்பெற்ற மனிதருக்கு அமைந்த கூட்டாளிகள் அவர்கள்! ஜோன்சன் நூல்களைப் படித்து, வேண்டிய சொல்லையும் அது வரும் வசனத்தையும் அடையாளமிடுவார். உதவியாளர்கள் அவற்றைப் பிரதி எடுப்பார்கள். ஆனால், முதலில் வகுத்த முறை சில ஆண்டுகளில் முறிந்து போயிற்று. குறிப்பேடுகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒதுக்கிவைத்த இடம், சேர்ந்துகொண்டே போன மேற்கோள்களுக்குப் போதவில்லை. வேலையின் பெரும்பகுதியைப் புதிதாக ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுத் தவணையும் கடந்துவிட்டது.

ஆவணங்களில் ஒரு கடிதம் இருக்கிறது. 1751ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அச்சகக்காரரான வில்லியம் ஸ்ட்ரானுக்கு ஜோன்சன் எழுதியது. வணிகர்கள் நேரில் சந்திக்க அழைத்திருக்கிறார்கள். முதலாவது தொகுதி அச்சுக்குப் போகும்வரை அவர்களைச் சந்திக்கப் போவதில்லை என்று மறுத்து எழுதுகிறார். கடிதத்தின் தொனி வீராப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், "நேற்றே அனுப்பினேனே" என்று பொய் சொன்ன எனக்கு அந்த வீராப்பின் மறுபக்கம் தெரிகிறது. வேலை கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க முடியாத கூச்சம் அது. சம்பளக்காரன் நோயுற்றால் கந்தோரில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடக்கும், யாராவது கவனிப்பார்கள். ஒப்பந்தக்காரன் நோயுற்றால் வெறுமையாகக் கிடப்பது ஒரு தாள் மட்டுமே. அதையும் அவன் மறைத்துவிடுகிறான்.

சரி, அகராதி முடிந்தது எப்படி? இங்கேதான் விசித்திரம். பெரிய வேலை தடுமாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1750 மார்ச் 20ஆம் திகதி, ஜோன்சன் இன்னொரு வேலையையும் தலையில் ஏற்றிக்கொண்டார். 'ராம்ப்ளர்' என்ற சிறு ஏடு. செவ்வாயும் சனியும் வெளிவரும். ஓர் இதழுக்கு ஒரு கட்டுரை, கூலி இரண்டு கினி. இரண்டு ஆண்டுகளில் 208 இதழ்கள் வந்தன. நாலைந்து இதழ்கள் நீங்கலாக ஏனைய எல்லாவற்றையும் எழுதியவர் அவரே. பெரும்பாலும் கடைசி நேரத்தில், அச்சகப் பையன் வாசலில் காத்து நிற்க எழுதுவார். தாம் எழுதியதை ஒருமுறை திரும்பிப் படிக்கவும் நேரம் இராதாம்.

ஏன் இந்த வேலையை ஏற்றார்? பணத் தேவை என்பார்கள். அகராதியின் அலுப்பிலிருந்து விடுபட என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால், என் அனுபவத்திலிருந்து இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறேன். மூன்று ஆண்டு தள்ளியிருக்கும் தவணை நோயுற்ற மனத்துக்கு ஒரு தவணையே அல்ல, அது பயமுறுத்துமே தவிர எழுப்பாது. செவ்வாய்க்கிழமை என்பது எழுப்பும். வாசலில் நிற்கும் பையன் எழுப்புவான். என் இருண்ட காலத்தில் ஒரு சிற்றேட்டுக்காரர் வாரம் ஒரு பத்தி கேட்டார். கூலி போக்குவரத்துச் செலவுக்கும் போதாது. ஆனால், வியாழன் காலை ஒருவர் வந்து வரவேற்பறையில் குந்திக்கொண்டு "ஐயா, மற்றர் ரெடியோ?" என்பார். எட்டு மாதத்தில் நான் எழுதி முடித்த முதல் எழுத்து அந்தப் பத்திதான்.

இதனால் ஜோன்சன் குணமடைந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. ராம்ப்ளரின் கடைசி இதழ் 1752 மார்ச் 14ஆம் திகதி வெளிவந்தது. மூன்று நாட்களில் அவருடைய மனைவி காலமானார். அதன்பின் சிலகாலம் மேல்மாடத்து வேலை ஏறத்தாழ நின்றே போயிற்று. ஆயினும் 1755 ஏப்ரல் 15ஆம் திகதி, ஒப்பந்தம் செய்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளின் பின், அகராதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். கடைசித் தாளைப் பெற்றுக்கொண்ட வணிகர் மில்லர், இவரிடமிருந்து விடுபட்டேன், கடவுளுக்கு நன்றி என்றாராம். தாளைக் கொண்டுபோனவன் அதை வந்து சொன்னபோது, மில்லர் எதற்காகவாவது கடவுளுக்கு நன்றி சொல்கிறாரே, மகிழ்ச்சி என்றார் ஜோன்சன்.

பணம்? அது வேலை முடியும் முன்னரே செலவாகிவிட்டது. மறு ஆண்டே, 1756 மார்ச்சில், 5 பவுண் 18 ஷில்லிங் கடனுக்காக அவர் கைதுசெய்யப்பட்டார். நாவலாசிரியரும் அச்சக உரிமையாளருமான சாமுவேல் ரிச்சர்ட்சன் ஆறு கினி அனுப்பி மீட்டார். 1759இல் தாயார் இறந்தபோது ஈமச்செலவுக்கும் தாயார் விட்டுச்சென்ற சிறு கடன்களுக்குமாக ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் 'ராசலஸ்' கதையை எழுதி விற்றார்.

மனச்சோர்வென்பது காசில்லாதவனின் கவலைதான், கையில் நாலு காசு புரண்டால் போய்விடும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. என் உறவினர் ஒருவரும் என் முகத்துக்கு நேரே அப்படித்தான் சொன்னார். அவர்களுக்கு ஜோன்சனின் 1760களைக் காட்டவேண்டும். 1762இல் அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 300 பவுண் உதவித்தொகை வழங்கியது. இனி வாடகைக் கவலையோ அச்சகப் பையனோ இல்லை. வாழ்க்கையின் மிக மோசமான வீழ்ச்சி அதன் பின்னர்தான் வந்தது. 1764ஆம் ஆண்டளவில் டாக்டர் அடம்ஸ் மீண்டும் அவரைப் பார்க்கப் போனார். பெருமூச்சு விட்டுக்கொண்டும், முனகிக்கொண்டும், தம்முடனேயே பேசிக்கொண்டும் அறைக்கு அறை நடந்தபடி இருந்தார் ஜோன்சன். இந்த மனம் திரும்பி வருமானால் என் உடலில் ஓர் உறுப்பை வெட்டிக் கொடுக்கவும் சம்மதிப்பேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்பொன்றைத் தருவதாக 1756இலேயே வாசகரிடம் முன்பணம் சேகரித்திருந்தார். அது வெளிவந்தது 1765 ஒக்டோபரில்! சந்தாதாரர் பட்டியல் ஏன் அச்சிடப்படவில்லை என்று கேட்டவர்களுக்குப் பெயர்களைத் தொலைத்துவிட்டேன், பணத்தையும் செலவழித்துவிட்டேன் என்று பதில் சொன்னார்.

1766இல் ஒருநாள், சவுத்வார்க்கில் பெரிய மதுவடிசாலை நடத்திவந்த ஹென்றி திரேல் என்பவரும் மனைவி ஹெஸ்டரும் அவரைப் பார்க்கப் போனார்கள். புத்தி பேதலித்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் கதறிய சொற்களைக் கேட்கப் பொறாமல் திரேல் தம் கையால் அவருடைய வாயைப் பொத்தினார் என்று ஹெஸ்டர் எழுதியிருக்கிறார். அறிவுரை எதுவும் கூறாமல், ஸ்ட்ரெதம் என்ற இடத்திலிருந்த தங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் அங்கே தங்கினார். அடுத்த பதினாறு ஆண்டுகள் அந்த வீட்டில் அவருக்கென்று ஓர் அறை இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, மேசையைச் சுற்றி மனிதர்கள், ஓடி விளையாடும் குழந்தைகள். மனம் கலங்கும்போது கணிதம் செய்வார். இங்கிலாந்தின் தேசியக் கடன் முழுவதையும் வெள்ளியாக்கினால் அது பூமியைச் சுற்றி வருமா என்றுகூட ஒருமுறை கணக்குப் பார்த்தார்! மனச்சோர்வுக்குக் 'கறுப்பு நாய்' என்று பெயரிட்டவர் வின்ஸ்டன் சேர்ச்சில் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்கு முன்பே இந்தக் குடும்பத்துடனான கடிதங்களில் ஜோன்சன் அப்பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்.

அவருடைய சொந்த வீடோ ஒரு சத்திரம். கண்பார்வை இழந்த அன்னா வில்லியம்ஸ், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ரொபர்ட் லெவெட், ஜமெய்க்காவில் அடிமையாகப் பிறந்து சிறுவனாக அவரிடம் வந்து சேர்ந்த பிரான்சிஸ் பார்பர் எனப் பலர். ஒருவரோடொருவர் ஓயாத சண்டை. கொடையாளி ஜோன்சன் ஆதரவற்றோரை வைத்துக் காப்பாற்றினார் என்று புகழ்கிறார்கள். யார் யாரைக் காப்பாற்றியது என்பது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. படுக்கைக்குப் போகப் பயந்து நள்ளிரவு கடந்தும் ஊர்சுற்றிவிட்டு அவர் வரும்வரை, ஒரு கோப்பைத் தேநீருக்காக அன்னா வில்லியம்ஸ் விழித்திருப்பார். அந்த வீட்டில் பின்னாளில் வந்து ஒண்டிக்கொண்டவர்களில் ஒருவர் திருமதி டெமூலன். அவர் யார் தெரியுமா? அன்று அந்த இலத்தீன் தாளை ஊருக்குக் காட்டிய மருத்துவர் ஸ்வின்ஃபெனின் மகள்!

எனக்கும் ஒரு அன்னா வில்லியம்ஸ் வாய்த்தார். எங்கள் ஒழுங்கையில் வசித்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவர். தினமும் காலை பத்து மணிக்கு வருவார். சுகம் விசாரிக்க மாட்டார். "தம்பி, தேத்தண்ணி இருக்கோ?" என்பார். பத்து மணிக்கு அவர் வருவார் என்பதற்காகவே ஒன்பதரைக்கு எழுந்து முகம் கழுவத் தொடங்கினேன். ஒருநாள் தேநீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு ஒரு இடத்துக்குப் போவம், வெளிக்கிட்டு நில்" என்றார். என்னை மனநல வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் எடுத்தன. நிறுத்தவேண்டிய நேரத்தில் வைத்தியர் படிப்படியாக நிறுத்தினார். ஜோன்சனுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அவர் காலத்து வைத்தியம் இரத்தம் வடிப்பதும் பேதி கொடுப்பதும்தான்.

அவருடைய ஆலோசனைகளில் ஒன்றை நான் ஏற்கிறேன், ஒன்றை ஏற்கவில்லை. மனச்சோர்வைப் பற்றி 1621இல் பெருநூல் எழுதிய ரொபர்ட் பேர்ட்டன், தனிமையும் வேண்டாம், சும்மா இருத்தலும் வேண்டாம் என்று முடித்திருந்தார். 1779இல் பொஸ்வெலுக்கு எழுதும்போது ஜோன்சன் அதைச் சற்றுத் திருத்தினார். தனித்திருக்கும் நேரத்தில் கையில் வேலை இருக்கட்டும், வேலையற்ற நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்பது அவர் கருத்து. இரண்டையும் எப்போதும் செய்ய முடியாதவனுக்குச் சொன்ன புத்தி. தனியாகத் தொழில் செய்பவனுக்கு இதைவிடப் பொருத்தமாக எவரும் சொன்னதில்லை. ஆனால், மறு ஆண்டில் அதே பொஸ்வெலுக்கு, உன் மனநோயைப் பற்றி எவரிடமும் வாய்திறவாதே என்றும் எழுதினார். பேசாமல் இருந்தால் நினைப்பும் குறையுமாம். இது லிச்பீல்ட் இளைஞனின் ஆறாத காயம் பேசும் குரல். எட்டு மாதம் காய்ச்சலாகக் கிடந்த எனக்கு இதில் உடன்பாடில்லை. அதனால்தான் இத்தனை காலம் கழித்தாவது கொட்டாஞ்சேனை மருந்துக்கடையை இங்கே எழுதுகிறேன்.

டொரொன்டோ நண்பருடன் அதன்பின் ஞாயிறுதோறும் பேசி வருகிறேன். இரண்டாவது ஞாயிறே என் கதையையும் சொல்லிவிட்டேன். நீண்ட நேரம் மறுமுனையில் சத்தமில்லை. "அப்ப, அண்ணைக்குமோ?" என்று மட்டும் கேட்டார். குடும்ப வைத்தியரிடம் போக இரண்டு தடவை நாள் குறித்துப் போகாமல் விட்டவர், மூன்றாம் தடவை போயிருக்கிறார். பெரிய வீடுகளைத் தனியாக ஒப்புக்கொள்வதை நிறுத்திவிட்டு, இன்னொருவருடன் சேர்ந்து சிறிய வேலைகளை எடுக்கிறார். காலை ஏழு மணிக்கு அவர் வாகனத்துடன் வாசலில் வந்து நிற்பாராம். வருமானம் குறைவு. எல்லா நாளும் நல்ல நாள் என்றும் சொல்லமுடியாது. போன வாரம் இரண்டு நாள் எழும்பவில்லை என்றார்.

"அண்ணை, அந்த மனுசன் கடைசி வரையில நேரத்துக்கு எழும்பினவரோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். காலையில் எட்டு மணிக்கு எழுவேன் என்று பல ஆண்டுகளாகத் தம் நாட்குறிப்பில் திரும்பத் திரும்பத் தீர்மானம் எழுதிவைத்தவர் அவர். தாம் நண்பகல் வரை படுத்துக்கிடந்துகொண்டே, அதிகாலையில் எழாதவன் உருப்படமாட்டான் என்று இளைஞர்களுக்குப் போதித்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1784 டிசெம்பர் 13ஆம் திகதி, எழுபத்தைந்தாவது வயதில் இறக்கும்வரை அந்தத் தீர்மானம் நிறைவேறவேயில்லை.

நண்பர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டு வெகுகாலமாயிற்று. பின்னால் வாகன ஹோர்ன் இரண்டு தடவை ஒலித்தது. "ஆள் வந்திட்டார் அண்ணை. ஞாயிற்றுக்கிழமையெண்டும் பாராமல் ஒரு மதிலுக்கு வெள்ளையடிக்க வேணும். வைக்கிறன்" என்றார்.